அந்த மோதிரத்தை விற்றது யார்?

கெட்டவனாக நடந்துகொள்ள எல்லா வசதியும் செய்துகொடுத்தும் ஆள் வரவில்லை. கனடாவின் எட்மன்டன் நகரிலிருக்கும் பயோவேர் நிறுவனம் 2007-ல் ‘மாஸ் எஃபெக்ட்’ என்ற விண்வெளி கேமை வெளியிட்டபோது, அதன் நாயகரான கமாண்டர் ஷெப்பர்டுக்கு இரண்டு வழிகளை வைத்தது. ஒன்று, பொறுமையாகப் பேசி, இரக்கம் காட்டும் ‘பாராகன்’ வழி. மற்றது, பேச்சு முடிவதற்குள் மூக்கில் குத்துவிடும் ‘ரெனிகேட்’ வழி. இரண்டுக்கும் தனித்தனி வசனம், தனித்தனிக் குரல் பதிவு, தனித்தனிக் காட்சி. மூன்று பாகங்களும் வந்து முடிந்து பல வருடம் கழித்து, 2020-ல், அங்கே முன்பு வேலை பார்த்த காட்சி வடிவமைப்பாளர் ஒருவர் ட்விட்டரில் ஒரு கணக்கைச் சொன்னார். ஆடியவர்களில் ஏறத்தாழ 92 சதவிகிதம் பேர் நல்லவர் வழியிலேயே போய்விட்டார்களாம். ரெனிகேட் காட்சிகளுக்கும் அவ்வளவு உழைத்தோமே என்பது அவருடைய வருத்தம்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் அது. பிடித்துப்போகப் போலீஸ் இல்லை. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்ற பயமும் இல்லை. எதிரே நிற்பது கம்ப்யூட்டர் வரைந்த உருவம். அதன் மனம் நோகக் கூடாதென்று இத்தனை பேர் தயங்கியிருக்கிறார்கள். வீடியோ கேம் ஆடினால் பிள்ளைகள் முரடர்களாகிவிடுவார்கள் என்ற பழைய புகாரை மனதில் வைத்துக்கொண்டு இந்த 92-ஐப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

இந்த வகை ஆட்டத்துக்கு ரோல் பிளேயிங் கேம் என்று பெயர், சுருக்கமாக ஆர்.பி.ஜி. மற்ற கேம்களில் விரல் வேகம் இருந்தால் ஓட்டிவிடலாம். இதில் ஒரு ஆளை உருவாக்க வேண்டும், அல்லது கேம் கொடுக்கும் ஆளை ஏற்க வேண்டும். பிறகு ஐம்பது மணி நேரமோ நூறு மணி நேரமோ அவனுக்காக முடிவெடுக்க வேண்டும். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’தான் இதற்கெல்லாம் மூலம். மேஜையைச் சுற்றி நண்பர்கள், கையில் பகடை, முன்னால் ஒரு தாள். தாளில் பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு என்று எழுதிய ஒரு கேரக்டர். அந்தத் தாள் பிற்பாடு கம்ப்யூட்டருக்குள் குடியேறியது. எண்களால் ஆன அந்த ஆளோடு மனிதர்களுக்கு என்ன ஒட்டு, என்ன உறவு?

சாயல் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது பலரும் சொல்லும் பதில். நம் வயது, நம் நிறம், நம் ஊர்க் கஷ்டம் அந்த கேரக்டருக்கும் இருந்தால் அதில் நம்மைப் பார்ப்போம். சினிமாவுக்கும் நாவலுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். ஆர்.பி.ஜி. வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது: துளியும் சாயல் இல்லாத கேரக்டர்களோடுதான் ஆட்டக்காரர்கள் கட்டுண்டு கிடந்திருக்கிறார்கள். அவர்களைக் கட்டிப்போட்டது, அந்த ஆள் செய்ததற்கெல்லாம் தாங்களே பொறுப்பு என்ற உணர்வு.

இதை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கேரியட். அவருடைய முந்தைய ‘அல்டிமா’ கேம்களில் ஆட்டக்காரர்கள் திருடினார்கள், ஊர்க்காரர்களையே கொன்றார்கள், கடைசியில் வில்லனையும் கொன்றுவிட்டு ஹீரோ பட்டம் வாங்கிக்கொண்டார்கள். கேரியட்டுக்கு அது உறுத்தியது. 1985-ல் வந்த ‘அல்டிமா 4’-ல் வில்லனையே எடுத்துவிட்டார். நேர்மை, கருணை, வீரம் என்று எட்டுப் பண்புகளில் தேற வேண்டும், அதுதான் ஆட்டம். தொடக்கத்தில் குறி சொல்லும் பெண் ஒருத்தி, எந்தப் பக்கம் போனாலும் ஒன்றை இழக்கவேண்டிய தர்மசங்கடங்களாகக் கேட்பாள். நீங்கள் சொல்லும் பதிலிலிருந்து உங்கள் கேரக்டர் பிறக்கும்.

அந்த கேமில் கண் தெரியாத மூலிகைக்காரி ஒருத்தி வருவாள். சரக்கை எடுத்துக்கொண்டு எவ்வளவு காசு வைக்கிறீர்கள் என்பதை அவளால் பார்க்க முடியாது. முழு விலைக்குப் பதில் ஒரே ஒரு காசை வைத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வாள். எச்சரிக்கை மணி அடிக்காது, யாரும் துரத்த மாட்டார்கள். உள்ளே மட்டும் நேர்மைக் கணக்கு சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். வெகுநேரம் கழித்து நேர்மையில் தேற முடியாமல் நிற்கும்போதுதான் அந்த மூலிகைக்காரி ஞாபகத்துக்கு வருவாள். நாற்பது வருடத்துக்கு முந்தைய கேமில், முகம்கூடச் சரியாகத் தெரியாத புள்ளிப் படங்களை வைத்துக்கொண்டு, ஒரு மனிதரைக் குற்ற உணர்வுக்குள் தள்ளியது சாதாரண வேலை இல்லை.

ஜப்பானில் வேறு வழியில் யோசித்தார்கள். 1986-ல் யூஜி ஹோரி உருவாக்கிய ‘டிராகன் குவெஸ்ட்’ ஹீரோ வாயே திறக்க மாட்டான். ஆடுகிறவர்தான் ஹீரோ, அவருக்குப் பதிலாக அவன் ஏன் பேச வேண்டும் என்பது கணக்கு. இன்னொரு பக்கம் ஸ்கொயர் நிறுவனத்தின் ‘ஃபைனல் ஃபேன்டசி’ கேரக்டர்களுக்குப் பெயர், கடந்தகாலம், காதல், கோபம் எல்லாம் உண்டு. 1997 ஜனவரியில் பிளேஸ்டேஷனில் வந்த ஏழாம் பாகம் மூன்று டிஸ்க்குகளில் இருந்தது. முதல் டிஸ்க் முடிகிற இடத்தில், பூ விற்கும் பெண்ணாக அறிமுகமாகி நம் குழுவில் சேர்ந்த ஏரித்தை வில்லன் செஃபிரோத் வாளால் குத்திக் கொன்றுவிடுகிறான்.

கதையில் நாயகி சாவது புதிதில்லை. இங்கே கூடுதலாக ஒன்று நடந்தது. ஏரித் அதுவரை குழுவின் வைத்தியச்சி. சண்டையில் அடிபட்டவர்களைத் தேற்றியவள். அவளுக்கு ஆயுதம் வாங்கிக் கொடுத்து, லெவல் ஏற்றி, மந்திரம் சேர்த்தவர் ஆடுகிறவர். ‘கிரேட் காஸ்பல்’ என்ற அவளுடைய உச்ச சக்தியைப் பெறுவதற்குச் சுற்றி வளைத்துப் பல காரியங்கள் செய்ய வேண்டும். மெனக்கெட்டு அதைச் சம்பாதித்தவர்கள், கொஞ்ச நேரத்திலேயே அவளைப் பறிகொடுத்தார்கள். அவள் செத்த உடனே ஒரு சண்டை வருகிறது; வழக்கமான சண்டை இசைக்குப் பதிலாக அவளுடைய மெல்லிய இசையே தொடர்ந்து ஒலிக்கிறது. அடுத்த சண்டைகளில் யாராவது அடிபட்டு விழும்போது, தேற்ற அவள் இல்லை. துக்கம் கதையில் மட்டும் இல்லாமல் ஆட்டத்தின் கணக்கிலேயே ஓட்டையாக விழுந்தது. நிஜத்தில் சாவு நாடகத்தனமாக வருவதில்லை, சட்டென்று வந்து வெறுமையை விட்டுச் செல்கிறது என்பது இயக்குநர் யோஷினோரி கிதாசேவின் பார்வை. ஆட்டக்காரர்களோ அவளை எப்படியாவது பிழைக்க வைக்கும் ரகசிய வழி இருக்கிறதென்று பல வருடம் வதந்தி பரப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு வழி கடைசிவரை இல்லை.

இந்த உறவுக்கு ஒரு சட்டகம் போட்டுக்கொடுத்தவர் ஜேம்ஸ் பால் ஜீ என்ற அமெரிக்க மொழியியலாளர். நடுவயதுவரை கேம் பக்கமே போகாதவர். சிறு மகன் ஆடுவதைப் பார்த்துத் தானும் உட்கார்ந்தார். அப்புறம் எழ முடியவில்லை. 2003-ல் கேம்களும் கற்றலும் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதில் ‘ஆர்கேனம்’ என்ற 2001-ம் வருட ஆர்.பி.ஜி.யில் தான் உருவாக்கிய கேரக்டரைப் பற்றிச் சொல்கிறார். பெயர் பீட் பீட். பாதி எல்ஃப் இனத்துப் பெண். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கும் அவளுக்கும் ஒரு பொருத்தமும் கிடையாது.

ஆட்டத்தின் ஆரம்பத்தில் விழுந்து நொறுங்கிய வான்கப்பலில் சாகக் கிடக்கும் கிழவர் ஒருவர் ஒரு மோதிரத்தை ஒப்படைப்பார். கைச்செலவுக்குக் காசு வேண்டுமென்று ஜீ அதை விற்றுவிட்டார். பிறகு அது அவரை அரித்தது. விற்றதால் கேமில் தோற்றுவிட்டாரா என்றால் இல்லை. பீட் பீட் இப்படிச் செய்கிற பெண்ணாக இருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. இங்கே மூன்று ஆட்கள் இருக்கிறார்கள் என்கிறார் ஜீ: நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர், திரையில் இருப்பவள் ஒருத்தி. மூன்றாவது, இந்த இருவருக்கும் நடுவில், அவள் எப்படிப்பட்டவளாக வளர வேண்டுமென்று இவர் ஆசைப்படுகிறாரோ அந்த ஆள். மோதிரத்தை விற்றபோது அடிபட்டது அந்த மூன்றாவது ஆள்தான். மகனோ மகளோ தப்புச் செய்யும்போது பெற்றவர்களுக்கு வருகிற கூச்சத்துக்கு இது வெகு அருகில் இருக்கிறது.

ஜீயின் அனுபவம் ஒரு தனி மனிதருடையது. ஆண்ட்ரூ வீவர், நிக்கி லூயிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் 75 பேரை ‘ஃபால்அவுட் 3’ ஆட வைத்துப் பார்த்தார்கள். அணுகுண்டுப் போரில் அழிந்த வாஷிங்டன் சுற்றுவட்டாரத்தில் நடக்கும் கேம். வெடிக்காத குண்டு ஒன்றைச் சுற்றி எழும்பிய மெகாடன் என்ற ஊரை, கூலி வாங்கிக்கொண்டு மொத்தமாக வெடிக்கவைக்கும் வாய்ப்புகூட அதில் உண்டு. ஜப்பானியப் பதிப்பில் அந்த வாய்ப்பையே எடுத்துவிட்டார்கள். ஆய்வில் பெரும்பாலோர் திரையில் இருந்தவர்களிடம் நிஜ மனிதர்களிடம் நடந்துகொள்வதைப் போலவே நடந்துகொண்டார்கள். கெட்டது செய்தவர்களுக்குக் குற்ற உணர்வு கூடியது. ஆனால் ஆட்டத்தில் கிடைத்த இன்பம் அதனால் குறையவில்லை. இந்தப் பின்பாதி யோசிக்கவேண்டியது. மனசாட்சி குத்துவதும் ஒரு சுவையாகவே இருக்கிறது போலும்.

செய்த பாவத்தை அழிக்க கேம்களில் சுலபமான வழி ஒன்று எப்போதும் உண்டு. பழைய சேவ் ஃபைலைத் திறந்தால் ஆயிற்று, எதுவுமே நடக்கவில்லை. 2015-ல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய ‘அண்டர்டேல்’ இந்தக் கதவையும் சாத்தியது. தாயைப் போலப் பார்த்துக்கொண்ட டோரியலைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் திரும்பப் போய் அவளைக் காப்பாற்றினால், ஃப்ளவி என்ற பூ வந்து நிற்கும். நீ செய்தது எனக்குத் தெரியும் என்று கேலி பேசும். அதைக் கண்டு நாற்காலியில் துள்ளி விழாதவர்கள் குறைவு.

சாயலே இல்லாத கேரக்டருக்கு உச்சமான உதாரணம் வேண்டுமென்றால் 2019 அக்டோபரில் வந்த ‘டிஸ்கோ எலிசியம்’. எஸ்டோனியாவில் உருவான ஒரு கலைஞர் குழுவின் வேலை. தலைமை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் அதே கற்பனை உலகை வைத்து 2013-ல் எழுதிய நாவல் விலை போகவில்லை. அந்த உலகத்தை கேமாக்கியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. கதாநாயகர் நடுத்தர வயதுப் போலீஸ் துப்பறிவாளர். முதல் காட்சியில் ஒரு விடுதி அறையில் உள்ளாடையோடு கிடக்கிறார். கழுத்து டை மின்விசிறியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. குடித்த குடியில் தன் பெயர், தன் முகம், எந்த ஊர், எதுவும் நினைவில்லை. உடல் வலிமை குறைவாக வைத்து ஆரம்பித்தால், விளக்கைப் போட்ட வெளிச்சத்துக்கே மாரடைத்துச் செத்துப்போவார். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதில் வாள் சண்டை இல்லை. இருப்பதெல்லாம் பேச்சு. தர்க்கம், பச்சாதாபம், அதிகாரம், வலி தாங்கும் திறன் என்று அவருடைய 24 திறன்களும் 24 குரல்களாக மண்டைக்குள் சண்டை போடும். சில குரல்கள் புத்தி சொல்லும். சில, இன்னொரு பாட்டில் குடித்தால் என்ன என்று கேட்கும். விடுதிக்குப் பின்னால் மரத்தில் ஒரு பிணம் ஏழு நாளாகத் தொங்குகிறது. அதைவிட நாயகரின் வாழ்க்கை பாழாகிக் கிடக்கிறது. யாருக்கு இந்த ஆளாக இருக்க ஆசை வரும்?

வந்தது. காரணம், கிம் கிட்சுராகி என்ற இன்னொரு போலீஸ்காரர். கூடவே நடப்பார், நோட்டில் குறித்துக்கொள்வார், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் என்ற கட்டுப்பாடு உள்ளவர். நாயகர் உளறும்போது திட்ட மாட்டார். லேசாக ஒரு மௌனம், அவ்வளவுதான். அந்த மௌனத்துக்கு பயந்து வசனத்தை மாற்றிக்கொண்டவர்கள், குடிக்கவிருந்த பாட்டிலை வைத்துவிட்டவர்கள் ஏராளம். குடிகாரரின் வாழ்க்கை தெரியாதவர்களுக்கும், நல்ல மனிதர் ஒருவர் முன் தலைகுனியக் கூடாது என்ற தவிப்பு தெரியும். கேம் அந்த இடத்தில் கைவைத்தது.

இதைச் சொல்வதால் சாயலுக்கு மதிப்பே இல்லை என்றாகாது. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தம்பதியின் கதை. கறாராகப் பார்த்தால் அது ஆர்.பி.ஜி. இல்லை, சமையல் வழியாகச் சொல்லப்படும் கதை. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். மகன் கவின் விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவதென்று தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமுக்கு வெளியிலேயே தெரியும், அந்த ஒட்டுதல் தனி. ஆனால் 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை அதற்குக் கொடுத்தவர்கள் இட்லி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இல்லையே.

உன்னைப் போலவே ஓர் ஆளைச் செய்துகொள் என்று விட்டால் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் வேடிக்கைதான். பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலிருக்கும் லாரியன் ஸ்டூடியோஸ் 2020-ல் ‘பால்டர்ஸ் கேட் 3’-ன் முன்னோட்டப் பதிப்பை விற்றபோது, அதிகம் பேர் தேர்ந்தெடுத்த முக அம்சங்களைச் சேர்த்து ஒரு படம் போட்டுப் பார்த்தது. கொம்பு, வால், பிசாசுக் கண் எல்லாம் கொடுத்திருந்தும் கிடைத்தது ஒரு சாதாரணப் பக்கத்து வீட்டு ஆசாமி. எங்கள் உழைப்பெல்லாம் எதற்கு என்று நிறுவனம் செல்லமாகக் கடிந்துகொண்டது. 2023 ஆகஸ்டில் முழு கேம் வந்தது. முதல் வருட நிறைவில் வெளியான கணக்குப்படி 93 சதவிகிதம் பேர் நிறுவனம் எழுதிவைத்த நாயகர்களை விட்டுவிட்டுத் தாங்களே ஆளை உருவாக்கிக்கொண்டார்கள். ஆனால் பாசத்தைக் கொட்டியது அந்தச் சொந்தப் படைப்பின் மேல் இல்லை. கூட வரும் துணைப் பாத்திரங்கள் மேல். ஷேடோஹார்ட்டுக்கு 2 கோடியே 70 லட்சம் முத்தங்கள், அஸ்டாரியனுக்கு ஒன்றரைக் கோடி. ஸ்கிராட்ச் என்ற நாயைத் தடவிக்கொடுத்தது 12 கோடி தடவைக்கு மேல். நாய் ஜெயித்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது!

அஸ்டாரியன் இருநூறு வருடம் ஒரு ரத்தக்காட்டேரி எஜமானனிடம் அடிமையாகக் கிடந்து, அவனுக்காகத் தன் உடலையே தூண்டிலாக்கியவன். நயமாகப் பேசுவான், பொய் சொல்வான், கொல்லவும் தயங்க மாட்டான். அவனை விரும்புகிறவர்கள் ஒரு கட்டத்தில், அவனைத் தொடாமல் இருப்பதுதான் அவனுக்குச் செய்யும் நல்லது என்று புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அவனுக்குக் குரலும் உடலசைவும் கொடுத்த நீல் நியூபன் 2023 டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ மேடையில் சிறந்த நடிப்புக்கான விருது வாங்கினார். வன்கொடுமையிலிருந்து மீண்டவர்கள் அந்த கேரக்டரில் தங்களைக் கண்டதாக எழுதியதைப் பற்றி அவர் பேசியிருக்கிறார்.

கேரக்டரே ஒரு மனிதருக்கு முழு வாழ்க்கையாக அமைந்ததும் உண்டு. நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீனுக்குப் பிறவியிலேயே டூஷென் தசைச்சிதைவு நோய். சக்கர நாற்காலி, பிறகு சுவாசக் கருவி; கடைசிக் காலத்தில் விரல்கள் மட்டுமே அசைந்தன. 2014-ல் தன் 25-வது வயதில் இறந்தார். பிள்ளை அறைக்குள்ளேயே கேமோடு கிடந்து, நட்பு, காதல் என்று எதையும் அறியாமல் போய்விட்டானே என்று பெற்றோர் உடைந்துபோயிருந்தார்கள். மகனுடைய வலைப்பூவில் அப்பா மரணச் செய்தியைப் போட்டார். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதங்கள் கொட்டத் தொடங்கின.

‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ கேமில் மாட்ஸ் ‘இபெலின்’ என்ற திடகாத்திரமான ஆண்மகன். ஸ்டார்லைட் என்ற குழுவில் இருந்தார். உள்ளே நுழைந்ததும் அந்த உலகின் காடு மேடெல்லாம் ஓடுவது அவர் வழக்கம். மகனை நெருங்க முடியாமல் தவித்த ஒரு தாய்க்கு வழி சொன்னார், பெற்றோரோடு மனஸ்தாபத்திலிருந்த பெண்ணுக்காக அவர்களுக்கே கடிதம் எழுதிக் கொடுத்தார். தன் நோயைப் பற்றி மட்டும் வெகுகாலம் மூச்சுவிடவில்லை. இறுதிச் சடங்குக்குக் குழுவிலிருந்து ஐந்து பேர் நேரில் வந்தார்கள். அந்தக் குழு சேமித்து வைத்திருந்த உரையாடல் பதிவுகள் 42,000 பக்கம். அவற்றிலிருந்துதான் பெஞ்சமின் ரீ 2024-ல் ஆவணப்படம் எடுத்தார். இபெலினின் உடல் கற்பனை. அந்தத் தாய்க்குச் சொன்ன யோசனை யாருடையது என்று கேட்டால், இபெலின் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது.

இதெல்லாம் மிகை என்று சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஊரைக் காக்கப் புறப்பட்ட ஹீரோ போகிற வழியில் வீடு வீடாக நுழைந்து பானைகளை உடைத்துக் காசு எடுப்பதை எந்த உணர்ச்சியோடு இணைப்பது? எந்தத் திறனை ஏற்றினால் எவ்வளவு சேதம் என்று எக்செல் ஷீட் போட்டு ஆடுகிறவருக்கு ஏரித்தும் ஒரு எண்தான். முழு கேமையும் சில மணி நேரத்தில் ஓட்டி முடிக்கிற ஸ்பீட்ரன் ஆசாமிகள் கதையைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. இவர்களையெல்லாம் தனி இனமாக நினைக்க வேண்டியதில்லை. ராத்திரி கிம்முக்காகக் கூச்சப்பட்டவரே காலையில் கணக்குப் போட்டு லெவல் ஏற்றுவார்.

ஒட்டுதல் ஆழமாக இருந்தால் கோபமும் அந்த அளவுக்கு வரும். ‘மாஸ் எஃபெக்ட் 3’ 2012 மார்ச்சில் வெளியானபோது, ஐந்து வருடம் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் கடைசியில் மூன்று நிற வெளிச்சம்தான் பதிலா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறத்தில் சுமார் 400 கப்கேக்குகளைப் பயோவேர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நிறத்தைக் கடித்தாலும் ஒரே வெனிலா சுவை. ஜூனில் நிறுவனம் விரிவாக்கிய முடிவை இலவசமாக வெளியிட்டது.

இந்தப் பாசத்துக்கு விலை ஒட்டத் தெரிந்தவர்கள் பிற்பாடு வந்தார்கள். ஜப்பானின் ‘ஃபயர் எம்ப்ளம்’ 1990-லிருந்து வரும் தொடர். சண்டையில் செத்த கேரக்டர் செத்ததுதான், திரும்பாது என்பது அதன் அடையாளம். ஒரு சாதாரண வீரனைக் காப்பாற்றுவதற்காக ஒரு மணி நேர ஆட்டத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது அதன் ரசிகர்களுக்குப் பழகிப்போன விஷயம். அதே கேரக்டர்களை 2017-ல் நின்டெண்டோ போனுக்குக் கொண்டுவந்தது. ‘ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ்’ இலவசம். பிடித்த கேரக்டர் வேண்டுமென்றால் குலுக்கலில் எடுக்க வேண்டும், குலுக்கலுக்கு வேண்டிய மணிகளைக் காசு கொடுத்தும் வாங்கலாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ‘கச்சா’ என்று பெயர். 2020-ல் வந்த சீனாவின் ‘கென்ஷின் இம்பாக்ட்’ இதை உலக வியாபாரமாக்கியது. ஒரு கேரக்டரின் சோகக் கதையைச் சொல்லி மனம் இளகவைத்துவிட்டு, அதே வாரத்தில் அவரைக் குலுக்கலில் வைப்பது திறமையான எழுத்து. கூடவே கொஞ்சம் அசிங்கமான எழுத்தும்கூட.

பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் கேம்களின் காசுக் குலுக்கலைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. 2019 ஆகஸ்ட் 27 அன்று நின்டெண்டோ ‘ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ்’ சேவையை அந்த நாட்டில் நிறுத்தியது. இரண்டரை வருடமாகச் சேர்த்த கேரக்டர்கள் பெல்ஜியக்காரர்களின் போனில் அன்றோடு முடிந்தன. அதே நாட்டிலிருந்து நான்கு வருடம் கழித்து வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’-ல், ஆட்டத்துக்கு நடுவே காசு கேட்கும் கடை எதையும் லாரியன் வைக்கவில்லை. கேமை ஒருமுறை வாங்கிவிட்டால் அஸ்டாரியனும் வருவான், அந்த நாயும் வரும்.